மணி இல்லாத வீட்டில் மணிச் சத்தம்

“அத்தை, செத்துப்போன நாயோட சத்தம் காதுல கேட்டா அது பேயா, இல்ல எனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருச்சா?”

தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்கையில், ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் பிள்ளை என்னிடம் கேட்ட கேள்வி இது. அவள் வீட்டு நாய் மணி அந்த வாரம்தான் இறந்திருந்தது. செவலை நாய். ஒரு காது மட்டும் மடங்கியே இருக்கும். கழுத்தில் ஆட்டுக்குட்டிக்குக் கட்டுகிற சின்ன வெண்கல மணி. அவளுடைய அப்பா விசைப்படகுத் தொழிலாளி. தூத்துக்குடி விசைப்படகுகள் விடியற்காலை ஐந்து மணிக்குக் கடலுக்குப் போய் இரவு ஒன்பது மணிவாக்கில் கரை திரும்புகிறவை. அப்பாவின் வண்டி தெருமுனையில் திரும்பும்போதே மணி எழுந்து வாசலுக்கு ஓடும். பையில் தனக்கென்று நாலு சாளை இருக்கும் என்று அதற்குத் தெரியும். இப்போதும் இரவு ஒன்பதரை ஆனால் வாசல் பக்கம் கிணிகிணிச் சத்தம் கேட்கிறதாம். எட்டிப் பார்த்தால் ஒன்றும் இல்லையாம்.

பேயும் இல்லை, கிறுக்கும் இல்லை. அவளுடைய மூளை ஒழுங்காக வேலை செய்கிறது, அவ்வளவுதான். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. ஆராய்ச்சி இருக்கிறது.

நார்வே நாட்டில் ட்ரோன்ட்ஹெய்ம் என்ற ஊரில் மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் என்று இரண்டு விஞ்ஞானிகள் எலிகளின் மூளையைப் பல வருடம் ஆராய்ந்தார்கள். ஒரு இடத்துக்கு வழி கண்டுபிடித்துப் போய்வர மூளை தனக்குள்ளே ஒரு வரைபடம் போட்டு வைத்துக்கொள்கிறது என்பதைக் காட்டியதற்காக, ஜான் ஓ'கீஃப் என்பவரோடு சேர்த்து அவர்களுக்கு 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முந்தைய வருடம் அவர்களும் ஆல்பர்ட் சாவோ என்ற இளம் ஆராய்ச்சியாளரும் ஒரு வினோதமான சங்கதியை வெளியிட்டார்கள். ஒரு எலியைப் பெட்டிக்குள் உலாவ விட்டார்கள். பெட்டிக்குள் ஓரிடத்தில் ஒரு பொருள் இருக்கும். எலி அதன் அருகே போகும்போது மூளையில் சில நரம்புச் செல்கள் மின்துடிப்பு கொடுக்கும். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அடுத்து அந்தப் பொருளை எடுத்துவிட்டு எலியைத் திரும்ப விட்டார்கள். பொருள் இல்லாத அந்த வெற்றிடத்துக்கு எலி வந்ததும், வேறு சில செல்கள் துடித்தன. முன்னே அங்கே ஒன்று இருந்தது என்பதற்காகவே துடிக்கிற செல்கள்! சில செல்கள் பல நாள் கழித்தும் இதை விடவில்லை.

எலி மூளையில் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஏற்றிவிடக் கூடாது. இருந்தாலும் துக்கத்தைப் பற்றி ஆராயும் அமெரிக்க விஞ்ஞானி மேரி-பிரான்சிஸ் ஓ'கானர் இந்தச் செல்களைச் சொல்லித்தான் மனிதர்களின் துக்கத்தை விளக்குகிறார். நாம் நேசிக்கிற உயிர் எங்கே இருக்கும், எப்போது வரும், என்ன செய்யும் என்று மூளை ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்த உயிர் போன செய்தி ஒரு நொடியில் காதுக்கு வந்துவிடும். கணக்கைத் திருத்துவதற்கோ வாரங்கள், மாதங்கள் ஆகும். துக்கம் என்பது மூளை படிக்கிற ஒரு பாடம் என்கிறார் அவர்.

இப்போது மணியின் கணக்கைப் பாருங்கள். அதற்குப் பன்னிரண்டு வயது. அந்தப் பிள்ளைக்கும் பன்னிரண்டு. அவள் தவழ்ந்த நாளிலிருந்து வாசலில் மணி இருந்திருக்கிறது. மணி இல்லாத வீட்டை அவள் மூளை பார்த்ததே கிடையாது. இரவு ஒன்பதரைக்கு வண்டிச் சத்தம், உடனே மணிச் சத்தம் என்று ஆயிரக்கணக்கான இரவுகள் கேட்டுப் பழகிய மூளை, வண்டிச் சத்தம் வந்ததும் அடுத்ததைத் தானே நிரப்பிக்கொள்கிறது. வேல்ஸ் நாட்டில் டெவி ரீஸ் என்ற மருத்துவர் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரிடம் பேசி 1971-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர், போனவரை ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருக்கிறார்கள். சிலர் குரலையே கேட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

இவ்வளவும் சொன்னதும் அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அப்போ சத்தம் எப்ப நிக்கும்?” என்றாள். நாள் குறித்துச் சொல்ல முடியாது, மெல்லக் குறையும் என்றேன். “அப்படின்னா நின்னுரவும் வேண்டாம்” என்றாள்.

நாய்க்கும் நமக்கும் இத்தனை ஒட்டு எங்கிருந்து வந்தது? ஜப்பானில் 2015-இல் ஒரு சோதனை செய்தார்கள். நாய்களையும் அவற்றை வளர்ப்பவர்களையும் அரைமணி நேரம் ஒரே அறையில் விட்டு, முன்னும் பின்னும் சிறுநீரில் ஆக்ஸிடோசின் அளவைப் பார்த்தார்கள். ஆக்ஸிடோசின் என்பது தாய்க்கும் கைக்குழந்தைக்கும் இடையே பாசத்தை வளர்ப்பதில் பங்குள்ள ஹார்மோன். வளர்ப்பவரின் கண்ணை நெடுநேரம் பார்த்த நாய்களுக்கும், அப்படிப் பார்க்கப்பட்டவர்களுக்கும் அது கூடியிருந்தது. ஆள் கையில் வளர்ந்த ஓநாய்களை வைத்துப் பார்த்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆகவே “நாய்தானே, அதுக்குப் போயி அழுவியாட்டி?” என்று யாராவது கேட்டால், உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது என்று சொல்லுங்கள். பாசம் வைக்கும்போது வேலை செய்த அதே உடம்புதான் பிரியும்போதும் வருந்துகிறது.

ஆனால் அவளுடைய அடுத்த கேள்விதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. போன வருடம் ஆச்சி இறந்தது ஜூலையில், பள்ளிக்கூடம் நடக்கும்போது. அப்போது இவ்வளவு கஷ்டமாக இல்லையாம். இப்போது தெருவெல்லாம் நட்சத்திர விளக்கு, கோயிலில் குடில் கட்டுகிறார்கள், ராத்திரி கேரல் பவனி வருகிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். இவளுக்கு மட்டும் தொண்டை அடைக்கிறது. “ஆச்சியை விட மணி மேலேயே பாசம் வச்சிருந்தேனோ? நான் கெட்ட பிள்ளையோ?”

இல்லை தங்கம். காரணம் பாதி காலண்டரில் இருக்கிறது. அதை விளக்க, கடலுக்குள் முக்குளிக்கிறவர்களிடமிருந்து தொடங்குகிறேன்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முக்குளிப்பவர்களை வைத்து ஒரு பெயர்பெற்ற நினைவாற்றல் சோதனை நடந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இங்கே இல்லை, ஸ்காட்லாந்துக் கடலில். கோடன், பேட்லி என்ற இரண்டு உளவியலாளர்கள், முக்குளிக்கத் தெரிந்தவர்களுக்குச் சில வார்த்தைகளைக் கரையில் வைத்துப் படிக்கக் கொடுத்தார்கள். சிலவற்றைக் கடலுக்குள் இறக்கி, தண்ணீருக்கடியில் படிக்கக் கொடுத்தார்கள். பிறகு இரண்டு இடத்திலும் வைத்துக் கேட்டார்கள். தண்ணீருக்குள் படித்தது தண்ணீருக்குள் இருக்கும்போது நன்றாக நினைவுக்கு வந்தது. கரையில் படித்தது கரையில் நன்றாக வந்தது. 1975-இல் வெளியான இந்தச் சோதனை உலகத்துப் பாடப்புத்தகங்களில் எல்லாம் ஏறிவிட்டது. 2021-இல் ஒரு குழு அதையே திரும்பச் செய்துபார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை. பிரபலமான சோதனையானாலும் மறுபடி செய்து பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். ஆனாலும் வேறு பல சோதனைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது, இடமும் சூழலும் பழைய நினைவை இழுத்து வருகின்றன என்பது நிற்கிறது.

பண்டிகை என்பது வருடத்துக்கு ஒருமுறை மட்டும் வரும் சூழல். போன கிறிஸ்துமஸில் நட்சத்திரம் கட்ட ஏணி போட்டபோது ஏணியடியில் மணி படுத்திருந்தது. இந்த வருடம் அதே ஏணி, அதே நட்சத்திரம், அதே ஆணி. அடுப்படியில் அம்மா கேக்குக்கு முட்டை அடிக்கிற சத்தம். பேக்கரிப் பக்கம் போனால் மக்ரூன் வாசனை. வாசனைக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. கண்ணும் காதும் அனுப்புகிற செய்தி தலாமஸ் என்ற இடைநிலையத்தின் வழியே போக வேண்டும். மூக்கு அனுப்புகிற செய்திக்கு அந்தச் சுற்றுவழி இல்லை, உணர்ச்சியையும் நினைவையும் கவனிக்கிற பகுதிகளுக்கு நேரே போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் ஒரு வாசனையில் கண் கலங்குகிறது.

இன்னொன்று, அரையாண்டு விடுமுறை. பள்ளிக்கூட நாள் என்றால் காலை பஸ், மணியடிப்பு, வீட்டுப்பாடம் என்று பொழுது ஓடிவிடும். விடுமுறையில் காலையிலிருந்து இரவுவரை வீடுதான். மாப்பிள்ளையூரணிப் பக்கம் மழைக்காலத்தில் உப்பளத்திலும் வேலை கிடையாது, பாத்தியெல்லாம் மழைத்தண்ணீர் நிற்கும். உப்பளத்துக்குப் போகிற அம்மாவும் வீட்டில். ஆக, மணி இல்லாத இடத்தை ஒரு நாளைக்கு ஐம்பது தடவை பார்க்க வேண்டியிருக்கிறது. ஆச்சி இறந்தபோது நிலைமை வேறு. உறவெல்லாம் வந்தது, பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது, மூன்று நாள் எல்லோரும் சேர்ந்தே அழுதார்கள். மணிக்கு யார் வந்தார்கள்? பாசம் கூடுதல் குறைவு என்பதல்ல, துக்கத்தைச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

கண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கண்ணில் மூன்று வகைக் கண்ணீர் உண்டு. கண்ணை ஈரமாக வைத்திருக்க எப்போதும் சுரப்பது ஒன்று, வெங்காயம் நறுக்கினால் வருவது ஒன்று, மனசு கலங்கினால் வருவது ஒன்று. அழுதால்தான் துக்கம் என்று இல்லை, அழாத பிள்ளைக்குப் பாசம் இல்லை என்றும் இல்லை. பெரியவர்களின் துக்கம் நாள் முழுக்கக் கூடவே இருக்கும். பிள்ளைகளுக்கு விட்டுவிட்டு வரும். இப்போது அழுதுவிட்டு அரைமணி நேரத்தில் பம்பரம் விடப் போகலாம். கேரல் பவனியில் பாட்டுப் பாடலாம், புத்தாண்டுக்குப் புதுச்சட்டை போடலாம். மணிக்கு அது துரோகம் ஆகாது. விளையாடப் போவதும் மனசு தன்னைத் தானே தேற்றிக்கொள்கிற வழிதான்.

அந்தப் பிள்ளைக்கு நாலு வயதில் ஒரு தம்பி. “மணி எப்ப வரும்?” என்று அவன் தினமும் கேட்கிறான். “தூங்குதுடா” என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்கள். அன்று முதல் அவன் படுக்கப் போகவே அழுகிறான்! இதில் தப்பு அவன் மேல் இல்லை. இறந்த உயிர் திரும்பி வராது, அதன் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, அதற்கு இனிப் பசியோ வலியோ கிடையாது என்பதெல்லாம் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் மெல்ல மெல்லத்தான் விளங்கும். அதனால் சின்னவர்களிடம் “தூங்குது”, “ஊருக்குப் போயிருக்கு” என்று சொல்லாமல், “மணி செத்துப்போச்சு. அதோட உடம்பு வேலை செய்யறதை நிறுத்திருச்சு. இனி வராது. அதுக்கு வலிக்காது” என்று நேராகச் சொல்லிவிடுவதே நல்லது. அவன் பத்துத் தடவை கேட்டால் பத்துத் தடவையும் அதையே சொல்ல வேண்டும். அக்காமார்களே, அண்ணன்மார்களே, இந்த வேலை உங்களுக்குத்தான் வாய்க்கும்.

நாய்க்காக அழுவது இந்தக் காலத்துச் செல்லம் என்று நினைக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல கதை இருக்கிறது, அது நம் கடற்கரையோடு சம்பந்தப்பட்டது.

மாப்பிள்ளையூரணியிலிருந்து தெற்கே, இதே மாவட்டத்தில் கொற்கை இருக்கிறது. ஈராயிரம் வருடங்களுக்கு முன்னால் பாண்டியரின் முத்துத் துறைமுகம். கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற பயணக் கையேட்டில் கொற்கையின் முத்துக்குளிப்பு வருகிறது. அந்தக் காலத்தில் இந்தியாவுக்கு வந்துபோன கப்பல்கள் செங்கடல் ஓரம் எகிப்தில் இருந்த பெரெனிகே என்ற துறைமுகத்தில் சரக்கை இறக்கின. அங்கே தோண்டியபோது இந்தியாவில் செய்த பெரிய ஜாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. தமிழில் பெயர் கீறிய பானை ஓடு ஒன்றும் கிடைத்தது.

அதே ஊரின் ஓரத்தில், ரோமானியர் கால மண்ணுக்கு அடியில், ஒரு கல்லறைத் தோட்டமும் கிடைத்தது. மனிதர்களுக்கு அல்ல! மார்த்தா ஓசிபின்ஸ்கா என்ற போலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் அங்கே 585 விலங்குகளின் எலும்புகளை ஆராய்ந்து 2021-இல் எழுதினார். 536 பூனைகள், 32 நாய்கள், 15 குரங்குகள், ஒரு நரி, ஒரு வல்லூறு. குப்பையில் வீசப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் தூங்குகிற மாதிரி ஒழுங்காகக் கிடத்தப்பட்டிருந்தது. சிலவற்றின்மேல் துணி போர்த்தியிருந்தார்கள், சிலவற்றை உடைந்த பானை ஓட்டால் மூடியிருந்தார்கள். பல பூனைகளின் கழுத்தில் இரும்புப் பட்டை, சிலவற்றில் கண்ணாடி மணியும் சிப்பியும் கோத்த மாலை. பல்லெல்லாம் கொட்டிப்போன கிழட்டு விலங்குகளும் அங்கே இருந்தன. பல் இல்லாத விலங்கு தானாகத் தின்று பிழைக்காது. தண்ணீருக்கே திண்டாட்டமான அந்தப் பாலைவன ஊரில் யாரோ அதற்கு மசித்து ஊட்டியிருக்கிறார்கள்.

அங்கே புதைக்கப்பட்ட குரங்குகளில் இந்தியக் குரங்குகள் இருப்பதாக எலும்பை வைத்துக் கண்டுபிடித்தார்கள். மிளகும் முத்தும் ஏறிய கப்பல்களில் குரங்குக்குட்டியும் ஏறியிருக்கிறது! கடல் தாண்டிப்போன அந்தக் குட்டி இறந்தபோது அங்கே ஒருவர் உட்கார்ந்து குழி தோண்டியிருக்கிறார். இன்னும் பின்னால் போக வேண்டுமென்றால் ஜெர்மனியில் பான் நகரத்துப் பக்கம், ஒரு ஆணுக்கும் பெண்ணுக்கும் பக்கத்தில் புதைத்த ஒரு நாய்க்குட்டி இருக்கிறது. சுமார் 14,000 வருடங்களுக்கு முந்தியது. அதன் பல்லை ஆராய்ந்தவர்கள், அது டிஸ்டெம்பர் என்ற கொடிய நோயில் பல வாரம் கிடந்திருக்கிறது, மனிதர்கள் பார்த்துக்கொள்ளாமல் அத்தனை நாள் பிழைத்திருக்காது என்கிறார்கள். வேட்டைக்கும் உதவாத, காவலுக்கும் உதவாத நோய்க்குட்டி அது.

“மணிக்காக எங்க ஆடும் சாப்பிடாம நிக்குது அத்தை. அதுக்குத் தெரியுமா?” இதுவும் அவள் கேட்டதுதான். மணியும் அந்த வெள்ளாடும் ஒரே நிழலில் படுக்கிறவை.

விலங்குகள் துக்கப்படுகின்றனவா என்பதற்கு விஞ்ஞானிகள் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல மாட்டார்கள். என்ன செய்கின்றன என்பதைப் பார்க்க முடியும், என்ன நினைக்கின்றன என்பதைக் கேட்க முடியாதே! இத்தாலியில் ஒரே வீட்டில் இரண்டு நாய் வளர்த்து ஒன்றை இழந்த 426 பேரிடம் கேட்டு 2022-இல் ஓர் ஆய்வு வந்தது. மிஞ்சியிருந்த நாயிடம் மாற்றம் தெரிந்ததாக 86 சதவீதம் பேர் சொன்னார்கள். விளையாட்டு குறைந்தது, சாப்பாடு குறைந்தது, ஆட்களை ஒட்டிக்கொண்டே திரிந்தது. வீட்டு ஆட்கள் சோகமாக இருப்பதைப் பார்த்தும் அது அப்படி இருக்கலாம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் மேற்குக் கடலில் தாலெக்வா என்று பெயர் வைத்திருக்கிற ஓர்கா ஒன்று 2018-இல் தன் இறந்த குட்டியைத் தலையில் தாங்கி 17 நாள் நீந்தியது. ஓர்காவும் நம் ஓங்கில் குடும்பம்தான். 2024 டிசம்பர் கடைசியில் அதன் இன்னொரு குட்டியும் இறந்தது. ஊரெல்லாம் புத்தாண்டு கொண்டாடிக்கொண்டிருந்த நாளில் அந்தத் தாய் மறுபடி குட்டியைச் சுமந்துகொண்டு நீந்தியதை ஆராய்ச்சியாளர்கள் பார்த்தார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2016 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்னால், திருச்செந்தூர் மணப்பாடு கடற்கரையில் பைலட் திமிங்கலங்கள் கூட்டமாகக் கரை ஒதுங்கின. எண்பதுக்கும் மேல். உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ அன்று அங்கே போயிருக்கலாம், கேட்டுப் பாருங்கள். மீனவர்களும் வனத்துறையினரும் படகில் கயிறு கட்டி, ஆழ்கடலுக்கு இழுத்துப்போய் விட்டார்கள். விடப்பட்டவற்றில் பல திரும்பக் கரைக்கே வந்தன. நாற்பதுக்கு மேல் செத்துப்போயின. 1973 ஜனவரியிலும் தூத்துக்குடிக் கடற்கரையில் இதே வகைத் திமிங்கலங்கள் 147 ஒதுங்கியதாகப் பதிவு இருக்கிறது. ஏன் ஒதுங்கின என்பதற்கு முடிவான பதில் இல்லை. ஆனால் பைலட் திமிங்கலங்கள் தாய், பிள்ளை, பேரப்பிள்ளை என்று குடும்பமாகவே வாழ்பவை. ஒன்றுக்கு உடம்பு முடியாமல் ஆழம் குறைந்த இடத்துக்குப் போனால் மற்றவை அதை விட்டுப் பிரியாமல் பின்னாலேயே போய்விடும் என்பது ஒரு விளக்கம். கடலில் விட்டும் அவை திரும்பி வந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கத்தை நம்பத் தோன்றும்.

கடைசியில் அவள் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னாள். குரல் இறங்கிவிட்டது. “நான் மணிக்கு பிளம் கேக் குடுத்தேன். திராட்சை நாய்க்கு ஆகாதுன்னு இப்பத்தான் படிச்சேன். என்னாலதான் செத்துச்சா?”

எப்போது கொடுத்தாய் என்று கேட்டேன். போன கிறிஸ்துமஸுக்காம்!

உலர்திராட்சை நாய்க்கு ஆகாது என்பது உண்மை. சிறுநீரகத்தைக் கெடுக்கும். திராட்சையில் இருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்க விலங்கு நச்சியல் மருத்துவர்கள் சொன்னார்கள். அவர்களுக்குத் துப்புக் கொடுத்த பொருள்களில் ஒன்று நம் வீட்டுப் புளி. அதிலும் அந்த அமிலம் நிறைய உண்டு. ஆகவே திராட்சை போட்ட கேக், சாக்லேட், புளி இந்த மூன்றையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். ஆனால் அந்த நஞ்சு ஒரு வருடம் காத்திருந்து கொல்லாது. தின்ற ஓரிரு நாளிலேயே வாந்தி, சோர்வு என்று காட்டிக்கொடுத்துவிடும். மணி இறந்தது முதுமையால், கால்நடை மருத்துவரும் அதைத்தான் சொல்லியிருந்தார். நாய் வயதை ஏழால் பெருக்கச் சொல்வார்கள், அது சரியான கணக்கு இல்லை. கலிபோர்னியாவில் லாப்ரடார் நாய்களின் மரபணுவில் வயதோடு ஏற்படும் ரசாயன மாற்றங்களை எடுத்து 2020-இல் ஒரு புதுக் கணக்கு போட்டார்கள். அதன்படி ஒரு வயது நாய் முப்பது வயது ஆளுக்குச் சமம். பன்னிரண்டு வயது நாய் எழுபது வயது ஆளுக்குச் சமம். நம்ம நாட்டு நாய்க்கு இதே கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், மணி ஒரு தாத்தா.

“நான் அப்படிச் செய்யாம இருந்திருந்தா” என்று மனசு தேடுவது எல்லோருக்கும் வரும். காரணம் தெரியாமல் இருப்பதைவிடத் தன்மேல் பழி போட்டுக்கொள்வது மூளைக்கு எளிது போலும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. ஊர் ஊராக வெள்ளம் புகுந்து ஆடும் மாடும் கோழியும் ஏராளமாக மாண்டன. மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. அந்த ஆட்டுக்குப் பெயர் வைத்து வளர்த்த பிள்ளைக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை. “கயித்தை அவுத்து விட்டிருந்தா பிழைச்சிருக்குமோ” என்று இன்றும் நினைக்கிற பிள்ளைகள் இருந்தால், கேளுங்கள்: அந்த மழையை வானிலை நிபுணர்களே அந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. நீங்கள் எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்?

என்ன செய்தால் மனசு ஆறும்? ஒழுங்காக விடைகொடுப்பது முதல் காரியம். 2025 ஜனவரி 12, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு, நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி இறந்தது. 1985-இல் கோயிலுக்கு வந்த யானை, வயது 56. மூட்டுவலியால் படுக்க முடியாமல் நாட்கணக்கில் நின்றுகொண்டே தூங்கியது. ஒருநாள் படுத்தது எழவே இல்லை, கிரேன் வைத்துத் தூக்கிப் பார்த்தும் முடியவில்லை. பொங்கல் வேலையைப் போட்டுவிட்டு ஊரே கூடி, மாலை போட்டு, அழுது அனுப்பியது. திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு அந்தப் பொங்கல் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் தனியாக அழ வேண்டியிருக்கவில்லை.

உங்கள் வீட்டு மணிக்கும் அப்படி ஒரு விடை கொடுக்கலாம். பெரியவர்களைக் கொண்டு குறைந்தது மூன்றடி ஆழத்தில், கிணற்றையும் அடிபம்பையும் விட்டுத் தள்ளி மேட்டில் புதையுங்கள். கடற்கரை ஊரில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் வந்துவிடும் என்பதால் மேடு முக்கியம். ஓடையிலோ கடலிலோ போடாதீர்கள். வெறிநோய் என்று சந்தேகம் இருந்தால் தொடவே கூடாது, கால்நடை மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் உங்கள் விருப்பம். படம் வரையலாம், அது செய்த சேட்டைகளை ஒரு நோட்டில் எழுதலாம், குடிலில் ஆட்டுக்குட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு களிமண் நாயும் செய்து வைக்கலாம். உடனே இன்னொரு குட்டி வாங்கித் தருகிறேன் என்று மாமா சொன்னால், கொஞ்ச நாள் போகட்டும் என்று சொல்லுங்கள். வருகிற குட்டி மணியாக இருக்கப்போவதில்லை. மணியாக இல்லையே என்று அதைக் குறை சொல்லவும் கூடாது.

ஜனவரியில் பள்ளி திறக்கும்போது உங்கள் வகுப்பிலும் யாராவது ஒருவர் இப்படி வந்து உட்காரலாம். “நாய்தானே”, “கோழிதானே” என்று சொல்லாமல், அதன் பெயர் என்ன, என்ன சேட்டை செய்யும் என்று கேளுங்கள். பேசப் பிடிக்கவில்லை என்றால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிடுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், எதிலும் மனசு ஒட்டாமல் ஒரு பிள்ளை இருந்தால் அது ஆசிரியரிடமோ வீட்டுப் பெரியவரிடமோ சொல்ல வேண்டிய விஷயம். சொல்ல ஆளே இல்லை என்றால் குழந்தைகளுக்கான இலவச எண் 1098, இரவும் பகலும் எடுப்பார்கள். உயிரோடு இருக்கிற நாய்க்கும் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அவசரம் என்றால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. இரண்டையும் இப்போதே கணக்கு நோட்டின் பின்னட்டையில் எழுதி வையுங்கள்.